கருவேலனுக்கு மன்னிப்பு கிடையாது

கருவேலனை நல்லவனாக்கப் போகிறார்கள். எனக்கு இது மாசி மாதமே தெரிந்துவிட்டது. ஒரு தொடர்கதையில் வில்லனுக்குத் திடீரென்று இருமல் வந்தாலோ, அவன் மழையில் தனியாக நின்றாலோ, தெருநாய்க்கு ரொட்டி போட்டாலோ முடிந்தது கதை. அடுத்த பாகத்தில் அவன் கதாநாயகியின் தோளோடு தோள் நின்று வாள் வீசுவான். ‘வெண்பரி நாடு’ தொடரில் கருவேலன் இந்த மூன்றையும் ஒரே அத்தியாயத்தில் செய்தான். நனைந்த நாய், நனைந்த ரொட்டி, நனைந்த இருமல். எழுதியவர்களுக்குக் கொஞ்சமாவது கூச்சம் வேண்டாமா?

படிக்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். கருவேலன் வெண்பரி நாட்டின் தளபதி. பூம்பொழில் நகரம் தீப்பிடித்தபோது அதன் ஒரே கோட்டைக் கதவை வெளியிலிருந்து பூட்டி வைத்திருந்தவன். உள்ளே தறி நெய்கிற பெண்கள் இருந்தார்கள். யாரும் வெளியே வரவில்லை. இது முதல் பாகத்தில் நடந்தது. அதற்குப் பிறகு ஏழு வருடமாக இளவரசி இளநிலா அவனைத் துரத்திக்கொண்டிருந்தாள். இப்போது அவனுக்குக் கஷாயம் காய்ச்சிக் கொடுக்கிறாள்.

நான் இந்தத் தொடருக்கு வாராவாரம் விமர்சனம் எழுதுகிறவள். பக்கத்தின் பெயர் ‘முள்’. என் சொந்தப் பெயர் இசக்கிச்செல்வி. பாளையங்கோட்டையில் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். பார்வை சோதிப்பதும் நான்தான், பிரேம் விற்பதும் நான்தான். வெள்ளிக்கிழமை அத்தியாயம் வரும். சனிக்கிழமை காலையில் என் விமர்சனம் வரும். என்னைத் திட்டுவதற்காகவே படிக்கிற கூட்டம் ஒன்று உண்டு; அவர்களுக்கும் நன்றி.

கருவேலன்மேல் எனக்கு ஏன் இத்தனை ஆத்திரம் என்பதில் ஒளிக்க ஒன்றுமில்லை. என் தங்கை மாரிக்கனி ஒரு பொம்மைக் கம்பெனியில் பஞ்சு அடைக்கிற வேலை பார்த்தாள். பெண்கள் அடிக்கடி வெளியே போய்ப் போன் பேசுகிறார்கள் என்று முதலாளி ஷட்டரை இழுத்து வெளியே பூட்டுவான். ஒரு நாள் மத்தியானம் பஞ்சில் தீப்பிடித்தது. மாரிக்கனியோடு இன்னும் பத்துப் பெண்கள். சாவி காவலாளியிடம் இருந்தது என்று முதலாளி கோர்ட்டில் சத்தியம் செய்தான். ஷட்டரை உடைக்கப் போன காவலாளி அந்தத் தீயிலேயே கருகிப்போனார், மறுத்துச் சொல்ல ஆளில்லை. ஆயுள் தண்டனை கிடைத்தது, ஆனால் கொடிய அலட்சியத்துக்கு. கொலைக்கானது இல்லை. சாவி அவனிடம் இருந்ததா இல்லையா என்ற ஒரு கேள்வி அன்றிலிருந்து என் தொண்டையில் நிற்கிறது.

அவன் பெயரை இந்த இடத்தில் எழுத மாட்டேன். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, கடைசியில் வரும்.

மாரிக்கனியின் மகள் தன்ஷிகாவை நான்தான் வளர்த்தேன். அப்போது அவள் பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தாள், இப்போது கல்லூரி. தீ விபத்து என்று மட்டும்தான் அவளிடம் சொன்னேன். பூட்டைப் பற்றிச் சொல்லவில்லை. சின்னப் பிள்ளைக்கு எதற்கு என்று முதலில் விட்டேன். பெரியவளான பிறகு எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் விட்டேன். அவள் அம்மா கொண்டுவந்து கொடுத்த ஒற்றைக் காது முயல் பொம்மை ஒன்று இன்னும் அவள் கட்டிலில் கிடக்கிறது. சாயம் போய், பஞ்சு தெரிந்து, பார்க்கச் சகிக்காது. தொடவிட மாட்டாள்.

இந்தத் தன்ஷிகாவுக்குக் கருவேலன் என்றால் உயிர்.

“பெரியம்மா, நீங்க கருவேலனைப் படிக்கதே இல்ல. திட்டணும்னே படிக்கீங்க,” என்பாள்.

“நான் திட்டுததுக்காவது படிக்கேன். நீ கண்ணைத் தொடைக்கதுக்குன்னே படிக்கே.”

“அவன் சின்னப் பிள்ளையில எவ்வளவு கஷ்டப்பட்டான் தெரியுமா?”

“எட்டி, நம்ம தெருவுல கஷ்டப்படாம வளந்தவன் யாரு? எவனாவது ஊரைப் பூட்டிப்போட்டுக் கொளுத்தினானா?”

“அவன் கொளுத்தல பெரியம்மா. பூட்டத்தான் செஞ்சான்.”

அன்றைக்குச் சாப்பிடாமல் எழுந்துவிட்டேன். அவள் கதையைத்தான் சொன்னாள். கோர்ட்டில் முதலாளியின் வக்கீலும் இதே வாக்கியத்தைத்தான் சொன்னார்.

இப்போது வாசிப்புக் கண்ணாடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ‘வெண்பரி நாடு’ தாளில் வருவதில்லை. வாசிப்புக் கண்ணாடி போட்டால் எழுத்து கண்முன் நிற்கும். அதன் பிரேமில் கடுகளவு ஒரு கண் இருக்கிறது. நாம் கதையைப் படிக்கும்போது அது நம்மைப் படிக்கும். எந்த வரியில் நின்றோம், எந்த வரிக்குத் திரும்பிப் போனோம், எங்கே கண்மணி விரிந்தது, எங்கே ஈரம் கட்டியது, எல்லாம் அதற்குத் தெரியும். அதை வைத்துத்தான் அடுத்த வாரக் கதை அமையும். இதில் ரகசியம் எதுவும் இல்லை. நானே ஊரில் பாதிப் பேருக்கு அந்தக் கண்ணாடியை விற்றவள். எனக்கும் தன்ஷிகாவுக்கும் இலவசமாகவே வந்தது. கடைக்காரி என்பதால் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். எப்பேர்ப்பட்ட புத்திசாலி நான்.

கருவேலனின் மனந்திருந்தல் பங்குனியில் ஆரம்பித்தது. முதல் வாரம் அவன் எரிந்த நகரத்தின் சாம்பலில் மண்டியிட்டு அழுதான். வாசகர் உலகமே கூட அழுதது. நான் எழுதினேன்: “இவன் தனக்காக அழுகிறான். குற்றம் செய்தவன் அழுதால் நாம் அவன் கண்ணைப் பார்ப்போம், செத்தவர்களைப் பார்க்க மாட்டோம். பழைய வித்தை.”

அடுத்த வாரம் கருவேலன் அழவில்லை. எனக்கு ஒரே ஆச்சரியம்.

அதற்கடுத்து அவன் இளநிலாவிடம் “எத்தனை உயிர்களை அழித்தேன்” என்று வசனம் பேசினான். நான் எழுதினேன்: “உயிர்கள் என்று மொத்தமாகச் சொல்வது சுலபம். ஒரு பெண்ணின் பெயராவது இவனுக்குத் தெரியுமா?” மறுவாரம் அவன் பூம்பொழிலில் பெண்களைப் பறிகொடுத்த கிழவர்களிடம் ஒவ்வொரு வாசலாகப் போய்ப் பெயர்களைக் கேட்டான். சிலர் கதவைச் சாத்தினார்கள். சாத்திய கதவுக்கு முன்னால் அவன் பேசாமல் நின்றான். நன்றாகத்தான் இருந்தது, எரிச்சலோடு ஒத்துக்கொள்கிறேன்.

ஆசிரியர் யாரோ என்னைப் படிக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. புரிந்ததும் தலை கொஞ்சம் கனத்துப்போனது. விமர்சகர்களுக்கென்று ஒரு வியாதி உண்டு. ‘இது சரியில்லை’ என்று சொல்லிவிட்டு நிறுத்த முடியாது. ‘இப்படி எழுதியிருந்தால் நம்பியிருப்பேன்’ என்று சேர்த்தால்தான் திருப்தி. எதிரிக்கு ஆயுதம் சாணை பிடித்துக் கொடுப்பது போன்ற காரியம் இது. நான் வாராவாரம் செய்தேன். அவன் மன்னிப்புக் கேட்கும் வாக்கியம் நீளமாக இருந்தது என்றேன், குறைந்தது. தன் இளமைக் கதையை இழுக்கிறான் என்றேன், விட்டுவிட்டான். இளநிலா அவன் காயத்துக்குக் கட்டுப்போடுவதை நிறுத்தச் சொன்னேன், அவனே ஒற்றைக் கையால் கட்டிக்கொண்டான். என் வாசகர்கள் குறைய ஆரம்பித்தார்கள். “முள்ளு மழுங்கிருச்சு” என்று ஒருவர் எழுதினார். மழுங்கவில்லை ஐயா, கருவேலன் தேறிக்கொண்டிருந்தான்.

வைகாசியில் அந்த விமர்சனத்தை எழுதினேன். “எல்லாம் சரி. சாவி எங்கே? பூட்டியவன் சாவியை என்ன செய்தான் என்று இந்தத் தொடர் ஏழு வருடமாகச் சொல்லவில்லை. தீ எரிந்தபோது சாவி யார் கையில் இருந்தது? கருவேலன் அதைச் சொல்லட்டும். அலங்காரம் இல்லாமல், இளநிலா இல்லாமல், மழை இல்லாமல் சொல்லட்டும். அன்றைக்கு நான் என் பக்கத்தை மூடிவிடுகிறேன்.”

கதையைப் பற்றித்தான் எழுதுகிறேன் என்று என்னையே ஏமாற்றிக்கொள்ளவில்லை. அது என் கேள்வி. கேட்க வேறு ஆள் இல்லாததால் கருவேலனிடம் கேட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம் கடையில் ஆளில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணாடியை மாட்டினேன். கருவேலன் ஒரு கிணற்றடியில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் யாரும் இல்லை.

“சாவி என்னிடம்தான் இருந்தது. இடுப்பில் இருந்தது. நான் கதவருகே போனேன். இரும்பு சுட்டது. உள்ளே தட்டினார்கள். திறந்தால் வெளியே வந்து, நான் பூட்டினேன் என்று சொல்வார்கள். திறக்காவிட்டால் சொல்ல ஆளிருக்காது. அதை யோசிக்க எனக்கு ஒரு மூச்சு விடும் நேரம்தான் ஆனது. பிறகு தட்டுவது நின்றுவிட்டது.”

என் கண் நிறைந்துவிட்டது. எழுத்து மங்கியது. துடைத்துக்கொண்டு மேலே படித்தேன். கருவேலன் இடுப்பிலிருந்து அந்தச் சாவியை எடுத்துக் கிணற்றில் போடுகிறான். சாவி எப்படி இருந்தது என்று ஒரு வரி வந்தது. துருப்பிடித்த சாவி, அதன் வளையத்தில் துணியில் தைத்த ஒரு முயல் காது.

கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தேன்.

எங்கள் வீட்டு முயலின் இன்னொரு காது எங்கே போனது என்று மாரிக்கனி மகளை மடியில் வைத்துக்கொண்டு ஒரு தடவை சொல்லியிருக்கிறாள். “முதலாளிக்குச் சாவி அடிக்கடி தொலைஞ்சு போவுதாம்க்கா. கையில கெடச்ச முயலுக் காதைப் பிச்சு சாவியில கட்டிக்கிட்டான். இனிமே இது விக்காது, நீயே கொண்டு போன்னு எங்கிட்டத் தூக்கிப் போட்டான்.” இது பத்திரிகையில் வரவில்லை. கோர்ட்டில் வரவில்லை. வெண்பரி நாட்டில் எப்படி வரும்?

தொடரின் வாசகர் தொடர்புக்கு ஒரே ஒரு வரி எழுதினேன். “அந்தக் காதைப் பற்றி உங்களுக்குச் சொன்னது யார்?”

பதில் எழுத்தில் வரவில்லை. திங்கட்கிழமை காலை ஓர் ஆளே கடைக்கு வந்துவிட்டார். பெயர் சகாயபிரபு, நல்வழித் திட்டம் என்ற அரசுத் திட்டத்தின் அதிகாரி. கையில் அல்வாப் பொட்டலம். திருநெல்வேலிக்காரியைப் பார்க்க அல்வாவோடு வருகிற ஆளிடம் என்ன நியாயத்தை எதிர்பார்ப்பது?

“மேடம், நீங்க இவ்வளவு கூர்மையா படிப்பீங்கன்னு தெரியும். ஆனா இந்த ஒரு வரி எங்க கையை மீறிப் போயிருச்சு,” என்றார்.

“கருவேலன் யாரு?”

அவர் கண்ணாடி அலமாரியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவன்தான், பொம்மைக் கம்பெனி முதலாளி. எங்கள் கடையிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் இருக்கும் சிறையில் உட்கார்ந்துகொண்டு, வாரத்தில் மூன்று நாள் இயந்திரத்திடம் பேசுகிறான். அவன் பேசுவதை இயந்திரம் கருவேலனின் கதையாக மாற்றுகிறது. வாசகர்கள் எந்த இடத்தில் நம்பவில்லை என்பது அவனுக்குத் திரும்பிப் போகிறது. அவன் மறுபடி முயல்கிறான்.

“எதுக்கு இந்தக் கூத்து?”

“முன்னாடி எப்படின்னா, ஒருத்தரை முன்கூட்டியே விடணும்னா இறந்தவங்க வாரிசைக் கூப்பிட்டு, சம்மதமான்னு கேப்போம். அவங்க பாவம், பழசெல்லாம் கிளறி அழுதுட்டுப் போவாங்க. சில பேரை மிரட்டியும் இருக்காங்க. அதனாலதான் இது. வாரிசுகளுக்கு ஒரு சிரமமும் இல்லாம, அவங்களுக்கே தெரியாம...”

“அவங்களுக்கே தெரியாம அவங்க மன்னிச்சிருவாங்க.”

“மனசு இளகியிருக்கான்னு பாக்கிறோம் மேடம். அவ்வளவுதான். கண்ணாடி வாங்கும்போது சம்மதம் குடுத்திருக்கீங்க.”

கொடுத்திருப்பேன். நான் விற்ற கண்ணாடிக்கெல்லாம் ‘சும்மா சரின்னு அமுக்குங்க’ என்று சொல்லிக்கொடுத்தவளே நான்தானே.

“என் விமர்சனமும் அவனுக்குப் போவுமா?”

அவர் முகம் மலர்ந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. “வாசிச்சே காட்டுவோம் மேடம். ஆரம்பத்துல ரொம்ப மோசமா இருந்தாரு, சும்மா அழுவாரு. உங்களாலதான் இந்த அளவுக்கு வந்திருக்காரு. உண்மையைச் சொன்னா, அடுத்த தொடருக்கும் உங்களை மாதிரி ஒரு கடுமையான வாசகி கெடைச்சா நல்லாருக்கும். சம்பளமே போட்டுத் தர்றோம்.”

என் தொழில் அது. ஒரு லென்சைப் போட்டு, இது தெளிவா, அடுத்ததைப் போட்டு, இது தெளிவா என்று மாற்றிக்கொண்டே போவேன், எதிரில் இருப்பவர் தெளிவாக இருக்கிறது என்று சொல்லும்வரை. அதையேதான் அவனுக்கும் செய்திருக்கிறேன். என் தங்கையைப் பூட்டியவனுக்கு.

“சாவி தங்கிட்ட இருந்துச்சுன்னு சொல்லிட்டானே. கேசைத் திரும்ப எடுங்க,” என்றேன்.

“அது கருவேலன் சொன்னது மேடம். கதையில சொன்னது சாட்சி ஆகாது. அந்தப் பாதுகாப்பு இருக்கிறதாலதான் அவங்க மனசு விட்டுப் பேசுறாங்க.”

கோர்ட்டில் சொல்லியிருந்தால் தூக்கு. கதையில் சொன்னதால் விடுதலை. எவ்வளவு அழகான ஏற்பாடு.

“சரி. என் கண்ணு நனைஞ்சது என் தங்கச்சிக்கு. நான் அவனை மன்னிக்கல. எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாரேன்.”

சகாயபிரபு தலையைக் குனிந்துகொண்டார். “உங்க கண்ணு கணக்கிலயே இல்ல மேடம். நீங்க வாரிசு இல்ல. உங்களைச் சும்மா பயிற்சிக்காகத்தான் சேத்தோம். மத்த குடும்பங்கள்ல எல்லாம் இளகியாச்சு. மீதி இருக்கிறது உங்க தங்கச்சி பொண்ணு மட்டும்தான். இந்த வெள்ளிக்கிழமை கடைசி அத்தியாயம். அதுல அவங்க கண்ணு சொல்லணும். ஆனா அதுல எங்களுக்குச் சந்தேகமே இல்ல, அவங்களுக்குக் கருவேலனை ரொம்பப் பிடிக்கும்.”

“அவகிட்ட நான் சொல்லிட்டா?”

“விஷயம் தெரிஞ்சவங்க கணக்கு செல்லாது. விடுதலை நின்னுரும். உங்களைத் தடுக்க எனக்கு அதிகாரம் இல்ல. ஆனா யோசிங்க. இந்தத் தொடர்ல ஆகலைன்னா அடுத்த தொடர்ல வேற பேரு, வேற வேஷத்துல வருவாரு. இன்னும் நல்லாவே பேசுவாரு. அந்தப் பொண்ணுக்கு மட்டும், தான் இத்தனை நாள் யாரை நெனைச்சு அழுதோம்னு தெரிஞ்சுபோகும்.” எழுந்தவர் ஆறுதலாக ஒன்று சேர்த்தார். “தொடர் முடிஞ்சு அடுத்த புதன்கிழமை காலையில போயிருவாரு. புதுப் பேரு, புது ஊரு. உங்க கண்ணுலயே பட மாட்டாரு. அவர் பழைய பேரை இந்தக் கேசோட சேத்து எங்கயும் எழுதிராதீங்க, அது சட்டப்படி குற்றம்.”

“அதுக்கு முந்தி அவனை ஒரு தடவை பாக்கணும்.”

“திட்டத்துல இருக்கிறவரைக்கும் இறந்தவங்க குடும்பத்துக்காரங்க பாக்க முடியாது மேடம். அல்வாவை மறந்துராதீங்க.”

கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு நடந்தேன். சொன்னால் பிள்ளை உடைந்துபோவாள். சொல்லாவிட்டால் அவள் கண்ணை வைத்தே அவள் அம்மாவைக் கொன்றவனை வெளியே விடுவார்கள். சொல்லிவிடுவது என்று வீட்டு வாசலில் முடிவுசெய்தேன். அவன் உள்ளேயே கிடந்து சாகட்டும். பிள்ளையை நான் பார்த்துக்கொள்வேன்.

தன்ஷிகா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்த முயல். காது பிய்ந்த இடத்தில் விரலை வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள். வாசிப்புக் கண்ணாடி தலைமாட்டில் மடித்து வைத்திருந்தது.

நான் தொடங்கும் முன்பே அவள் கேட்டாள்.

“அவன்தான பெரியம்மா?”

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். சகாயபிரபு சொன்ன எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும் அவள் கேட்டாள்.

“எனக்குப் பூட்டு விஷயம் தெரியாதுன்னு நெனைச்சீங்களோ? ஒம்பதாங் கிளாசுலயே தெரியும். கூடப் படிச்ச பிள்ளை சொன்னா.”

“எட்டி, தெரிஞ்சுமா இந்தக் கருவேலன் பின்னால அலைஞ்ச?”

“தெரிஞ்சதாலதான். எங்கம்மாவைப் பூட்டினவன் என்னைக்காவது வருத்தப்படுவானான்னு பாக்க எனக்கு வேற எடம் எங்க இருக்கு? நீங்க வீட்டுல பேச்சையே எடுக்க மாட்டீங்க. இவன் ஒருத்தன்தான் வருத்தப்பட்டான். கதைன்னு தெரியும். இருந்தாலும் நல்லாருந்துச்சு.”

இத்தனை வருடம் இந்தப் பிள்ளையின் ரசனையைக் கேலி செய்திருக்கிறேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“விடு. அதான் தெரிஞ்சுபோச்சே. அந்த ஆளுக்குச் சொல்லிருதேன். கணக்கு செல்லாது. அவன் உள்ளயே கெடக்கட்டும்.”

“வேண்டாம். வெளிய வரட்டும்.”

“கிறுக்கு பிடிச்சிருக்கா ஒனக்கு?”

“உள்ள இருக்கவரைக்கும் அவன் கருவேலன் பெரியம்மா. ஊருக்கே புடிச்சவன். அடுத்த தொடர்ல இன்னொருத்தனா வருவான், அப்பவும் யாராவது அழுவாங்க. அவனா, அவன் பேர்ல, ஒரு தடவை சொல்லணும். அதை நான் கேக்கணும். உள்ள போயி கேக்க விடமாட்டாங்க. அப்ப வெளிய வந்தாத்தான உண்டு.”

“வெளிய வந்துட்டுச் சொல்லலேன்னா?”

“அப்ப அதுவும் தெரிஞ்சுரும்லா.”

நான் வாதாடினேன். கத்தினேன் என்றே சொல்லலாம். அவள் அசையவில்லை. கடைசியில் எனக்கு ஒன்று உறைத்தது. வாரிசு அவள்தான். சகாயபிரபு சொன்னதிலேயே அந்த ஒன்றுதான் நியாயமானது. நான் வெறும் விமர்சகி.

“ஒரே ஒரு சிக்கல்,” என்றாள். “முயல் காதைப் படிச்சதுலேர்ந்து எனக்கு அழுகையே வரல. அவன் வரி எதைப் படிச்சாலும் கண்ணு கல்லா கெடக்கு. கண்ணாடி கண்டுபிடிச்சிரும்.” அவள் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். “கடையில சொட்டு மருந்து வெச்சிருப்பீங்களே. கண்ணுல விட்டா மணி விரிஞ்சு, தண்ணி ஊத்துமே, அது.”

வெள்ளிக்கிழமை அவளைக் கடையில் சோதனை நாற்காலியில் உட்கார வைத்தேன். “மேல பாரு” என்றேன், எல்லோரிடமும் சொல்வது போல. இமையைப் பிடித்து ஒரு சொட்டு இந்தக் கண்ணில், ஒரு சொட்டு அந்தக் கண்ணில். எரிகிறது என்றாள். கண்மணி கறுப்பாக விரிந்து நீர் கட்டியதும் கண்ணாடியை நானே மாட்டிவிட்டேன். மருந்து போட்ட கண்ணுக்கு எழுத்து தெரியாது. ஒரு வார்த்தைகூடப் படிக்காமல், எழுத்து இருக்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டே கடைசிவரை உட்கார்ந்திருந்தாள். நீர் கன்னத்தில் வழிந்தது. அங்கே வெண்பரி நாட்டில் இளநிலா கருவேலனின் தலையில் கை வைத்து அவனை மன்னித்தாளாம். நாடே அழுததாம். நான் அந்த அத்தியாயத்தை இன்றுவரை படிக்கவில்லை. பொய்யாகத் திருந்தியவனுக்குப் பொய்யாக ஒரு மன்னிப்பு. ஏழு வருடத்தில் அந்தத் தொடரில் பொருத்தமாக அமைந்தது இது ஒன்றுதான்.

புதன்கிழமை விடிந்ததும் சிறை வாசலுக்கு எதிரே இருந்த டீக்கடையில் போய் நின்றோம். தன்ஷிகா கையில் ஒரு மஞ்சள் பை. பெரிய கதவில் இருக்கும் சின்னக் கதவு திறந்தது. அவன் வந்தான். தலை நரைத்து, உடம்பு இளைத்து, கையில் ஒரு துணிப்பையோடு வந்தான். கருவேலன் ஆறடி உயரம், தழும்பு, தோளில் புலித்தோல். இவன் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஆட்டோ வருகிறதா என்று பார்த்தான்.

தன்ஷிகா ரோட்டைக் கடந்து அவன் முன்னால் போய் நின்றாள். நான் அவளுக்குப் பின்னால்.

“நான் மாரிக்கனி மவ,” என்றாள்.

அவன் அவளைப் பார்த்தான். அந்தப் பெயர் அவனுக்குத் தெரியாமல் இருக்காது. நான்தான் அவனைப் பெயர்களைக் கேட்க வைத்தேன்.

“உங்களைத் திட்டுததுக்கு வரல. அங்க சொன்னதை இங்க ஒருக்கா சொல்லிருங்க, போயிருதேன். சாவி யார்கிட்ட இருந்துச்சு?”

அவன் திரும்பி அந்தச் சின்னக் கதவைப் பார்த்தான். அதற்குள் அதைச் சாத்திவிட்டார்கள். உதட்டை நனைத்துக்கொண்டான். அவன் மன்னிப்புக் கேட்கும் வாக்கியம் எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்றுகூட எனக்குத் தெரியும். ஒரு கணம், உண்மையாகவே ஒரு கணம், அவன் சொல்லிவிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். என் பக்கத்தை மூடிவிட்டு வீட்டுக்குப் போக எனக்கும் ஆசை இருந்தது.

“எந்தச் சாவிம்மா?” என்றான்.

தன்ஷிகா மஞ்சள் பையிலிருந்து முயலை எடுத்து அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள். அவன் அதன் ஒற்றைக் காதைப் பார்த்தான். அவன் வலது கை தானாக இடுப்புக்குப் போய், அங்கே இல்லாத ஒன்றைத் தடவியது. பிறகு ஆட்டோ வந்தது. அவன் ஏறிப் போய்விட்டான்.

நான் சொன்னேன்ல என்று நாக்கு நுனிவரை வந்தது. தன்ஷிகா முயலைப் பைக்குள் வைத்தாள். அவள் கண் நிஜமாகவே நனைந்திருந்தது, மருந்து எதுவும் இல்லாமல்.

“பெரியம்மா,” என்றாள், “இதை எழுதுங்க.”

எழுதிவிட்டேன். ‘முள்’ பக்கத்தின் கடைசி விமர்சனம் இது. கருவேலன் நல்ல பாத்திரம், எதிர்த்துச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை, அவனை வடித்ததில் என் கையும் இருக்கிறது. ஆனால் பொம்மைக் கம்பெனி ஷட்டரைப் பூட்டிவிட்டுச் சாவியை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே நின்றவன் கருவேலன் இல்லை. அவன் பெயர் திருமேனிநாதன். உங்கள் ஊருக்குப் புதுப் பெயரோடு வந்திருப்பான். முயல் காது எங்கே என்று கேளுங்கள், முகத்தைப் பார்க்க வேண்டாம், கையைப் பாருங்கள்.